பழைய மாருதி எஸ்டீமைப் பந்தயக் காராக்குவது: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

“அண்ணே, பழைய எஸ்டீம் ஒண்ணு வாங்கிட்டேன். எஞ்சினுக்கு என்ன பண்ணலாம்?”

இந்தக் கேள்வியோடு புதுச்சேரி அரியாங்குப்பத்தில் இருக்கும் எங்கள் ஷெட்டுக்கு யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது இரண்டே இரண்டு. கார்ப்பெட்டைத் தூக்கித் தரையைப் பார்த்தீர்களா? பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது? இரண்டுக்கும் பதில் வராது. கேம் ஷாஃப்ட், ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், ஈ.சி.யூ. என்று எஞ்சின் வேகத்துக்கான பாகங்களின் பட்டியல் மட்டும் கையில் இருக்கும்.

பழைய காரைப் பந்தயத்துக்குத் தயார் செய்வதில் முக்கால்வாசி வேலை, அது ஷோரூமிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அந்த நிலைக்கு அதைத் திரும்பக் கொண்டுவருவதுதான். இருபது வருடத்தில் தேய்ந்தது, துருப்பிடித்தது, தளர்ந்தது எல்லாவற்றையும் சரிசெய்த பிறகுதான் வேகத்தைப் பற்றிப் பேச முடியும். என் வரிசை இதுதான்: உடல், பாதுகாப்பு, பிரேக், திருப்பம், கடைசியில் எஞ்சின். முதல் வருடம் எஞ்சின் திறனைக் கூட்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

எந்தக் காரை எடுப்பது

மாருதி எஸ்டீம் 1994இல் வந்தது, 2007இல் நின்றது. 1298 சி.சி., நான்கு சிலிண்டர். பின்னால் வந்த ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் மாடலில் 85 குதிரைத் திறன். எடை 900 கிலோவுக்குள். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி ஸ்ட்ரட் (ஸ்ப்ரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) சஸ்பென்ஷன் இருப்பது இதன் பெரிய பலம். பின்சக்கரங்களின் கோணத்தையும் சரிசெய்ய வழி கிடைக்கிறது. ஜிப்ஸியிலும் இதே எஞ்சின் குடும்பம்தான் என்பதால் பாகத்துக்குப் பஞ்சமில்லை. இங்கே கிடைக்காததைச் சென்னை புதுப்பேட்டையில் ஒரு பகல் சுற்றினால் பிடித்துவிடலாம்.

ஹோண்டா சிட்டியின் 1.5 விடெக் இதைவிட வேகமான கார், ஆனால் ஒவ்வொரு பாகமும் பணம் தின்னும். கை ரொம்பச் சுருக்கம் என்றால் மாருதி 800 இருக்கிறது. அந்த 796 சி.சி. எஞ்சினை வைத்துத்தான் கோயம்புத்தூர் கரிவரதன் ஃபார்முலா மாருதி என்ற பந்தய வண்டியையே உருவாக்கினார். 2005இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஓட்டியது ஃபார்முலா மாருதியில், ஸ்ரீபெரும்புதூர் டிராக்கில். எனவே 800 வைத்திருப்பவர்கள் தயங்க வேண்டியதில்லை. நான் இங்கே எஸ்டீமை வைத்துச் சொல்கிறேன். முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

காருக்கு முன்னால் விதிப்புத்தகம்

இந்தியாவில் மோட்டார் பந்தயங்களுக்குப் பொறுப்பு எஃப்.எம்.எஸ்.சி.ஐ. என்ற அமைப்பு. ஓட்டுபவருக்கு உரிமம் தருவதும் இவர்கள்தான். நமக்குப் பக்கத்து டிராக் இருங்காட்டுக்கோட்டை (ஸ்ரீபெரும்புதூர் டிராக் என்பதும் இதுதான்): மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்துவது, 1990இல் திறந்தது, ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர். அதற்கு முன்னால் சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில்தான் பந்தயம் நடந்தது. கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் கரிவரதன் பெயரில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது.

காருக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், நீங்கள் ஓட்ட நினைக்கும் வகுப்பின் அந்த வருடத்து விதிகளை வாங்கி வரி வரியாகப் படியுங்கள். அந்த மாடலுக்கு இந்த வருடம் இடம் இருக்கிறதா, குறைந்தபட்ச எடை என்ன, என்ன டயர், எதையெல்லாம் மாற்றலாம் என்று தனித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய மாடல்கள் ஒவ்வொன்றாகப் பட்டியலிலிருந்து போய்க்கொண்டிருக்கும், ஆகவே போன வருடப் புத்தகத்தை நம்ப வேண்டாம்.

ஸ்டாக் வகுப்புகளில், அதாவது கம்பெனி தந்த காரைப் பெரிதாக மாற்றாமல் ஓட்டும் வகுப்புகளில், அடிப்படை ஒன்று உண்டு. மாற்றலாம் என்று எழுதியிருந்தால்தான் மாற்றலாம். எழுதவில்லை என்றால் கூடாது. “கூடாதுன்னு எங்கேயும் போடலையே” என்று ஸ்க்ரூட்டினியில், அதாவது காரை அதிகாரிகள் சோதிக்கும்போது, வாதாடிப் பலனில்லை. இது இன்று நேற்று வந்த கண்டிப்பும் கிடையாது. அமெரிக்காவில் நாஸ்கார் அமைப்பு, கடையில் விற்கும் காரை அப்படியே ஓட்ட வேண்டும் என்று சொல்லி அந்த வகையில் தன் முதல் பந்தயத்தை 1949 ஜூன் 19 அன்று சார்லட் நகரத்தில் நடத்தியது. முதலாவதாக வந்தவர் க்ளென் டன்னவே. பந்தயம் முடிந்து காரைச் சோதித்தபோது பின்பக்க ஸ்ப்ரிங்கில் அனுமதியில்லாத வேலை செய்திருப்பது தெரிந்தது. வெற்றியைப் பறித்து, லிங்கன் கார் ஓட்டிய ஜிம் ரோப்பருக்குக் கொடுத்துவிட்டார்கள். நாஸ்காரின் ஸ்டாக் கார் வரலாறே ஒரு ஸ்ப்ரிங் தகராறில்தான் தொடங்குகிறது.

அதே நாஸ்காரில், எஞ்சினை விடத் திருப்பம் பெரிது என்ற இன்னொரு பாடமும் உண்டு. 1952இல் நடந்த 34 பந்தயங்களில் 27ஐ ஹட்சன் ஹார்னெட் ஜெயித்தது. மற்றவர்கள் பலரிடம் எட்டு சிலிண்டர் எஞ்சின் இருந்தபோது ஹட்சனில் இருந்தது ஆறு சிலிண்டர். ஆனால் அதன் தரை சேஸிஸின் இரும்புச் சட்டகங்களுக்கு நடுவே தாழ்த்தி வைக்கப்பட்டிருந்தது. கார் தரையோடு ஒட்டி உட்கார்ந்திருந்ததால் திருப்பத்தில் மற்ற கார்கள் தள்ளாடியபோது இது தள்ளாடவில்லை.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே பாதுகாப்புக் கூண்டு (கார் உருண்டாலும் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புக் குழாய்ச் சட்டகம்) வைத்து, சீட்டைக் கழற்றிய காரைச் சாலையில் ஓட்டக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இப்படிப்பட்ட மாற்றங்களைத் தடுக்கிறது. பொதுச் சாலையில் வேகம் பார்ப்பது 189ஆம் பிரிவின்படி குற்றம். விடிகாலையில் ஈ.சி.ஆரில் ஒரு ரவுண்டு டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து போகாதீர்கள். அந்த நேரத்தில்தான் கனகசெட்டிக்குளம் பக்கம் மீன் கூடையோடு பெண்கள் சாலையைக் கடப்பார்கள். வண்டி இனிமேல் டிராக்குக்குத்தான் என்று முடிவானதும் ஆர்.சி. புக்கை என்ன செய்வது என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு முடித்துவிடுங்கள். அதன் பிறகு கார் நகர்வது கேரியர் வண்டியில் மட்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

நம்மூர்க் காரில் எஞ்சினை விடத் தரையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். புதுச்சேரியோ கடலூரோ, உப்புக் காற்று இரும்பை விட்டுவைப்பதில்லை. தேவனாம்பட்டினத்தில் கடலைப் பார்த்து நிறுத்திய காரும் நெல்லிக்குப்பத்தில் ஷெட்டில் நின்ற காரும் ஒரே வயதாக இருந்தாலும் ஒன்றாகாது. முடிந்தால் கடலுக்குத் தள்ளியிருக்கும் பக்கமிருந்து, திருவண்ணாமலை, சேலம் என்று, கார் தேடுங்கள்.

கையில் ஒரு காந்தம் எடுத்துப் போங்கள். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது போதும். மெல்லிய பனியன் துணியில் சுற்றிக் கதவின் அடிப்பக்கம், ரன்னிங் போர்டு, பின்சக்கர வளைவு என்று மெதுவாக நகர்த்திக்கொண்டே வாருங்கள். தகடு நன்றாக இருக்கும் இடத்தில் காந்தம் கையை இழுக்கும். பட்டி தடிமனாகப் பூசிய இடத்தில் அந்த இழுப்பு சட்டென்று விட்டுப்போகும். விட்ட இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். சொந்தக்காரர் முகம் கோணினாலும் பரவாயில்லை. நான்கைந்து வட்டம் வரை டிங்கரிடம் விட்டுச் சரிசெய்யலாம். முன்பக்கம் ஸ்ட்ரட் உட்காரும் மேடையில் ஒரு வட்டம் விழுந்தாலும் அந்தக் கார் வேண்டாம். திருப்பத்தின் பாரம் முழுதும் ஏறும் இடம் அது.

அடுத்தது வெள்ளம். கடலூர் 2015இல் மூழ்கியது. புதுச்சேரியில் 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கொட்டித் தீர்த்தது. தண்ணீரில் நின்ற கார்கள் கழுவித் துடைத்து விற்பனைக்கு வருகின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் தண்ணீர் எந்த உயரம் வரை ஏறியது என்பது தெரிந்துவிடும். அப்படிப்பட்ட வண்டியின் வயரிங் உங்களை வருடக்கணக்கில் அலைய வைக்கும்.

எஞ்சினுக்குக் கம்ப்ரஷன் டெஸ்ட் போதும்: ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்று ப்ளக் துளையில் மீட்டர் வைத்துப் பார்ப்பது. எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். நான்கு ப்ளக்கையும் கழற்றி, கரண்டையும் பெட்ரோலையும் துண்டித்து, ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு ஐந்தாறு சுற்று ஸ்டார்ட்டர் அடிக்க வேண்டும். நான்கு எண்ணும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் குறைந்தால் அந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் பேக்கிங். அந்த நான்கு எண்ணையும் தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்கள். பிறகு வேலைக்கு வரும்.

உரிப்பது

சீட், கார்ப்பெட், கதவு பேனல், ஏசி, ஸ்பீக்கர் என்று விதி அனுமதிப்பதையெல்லாம் கழற்றுங்கள். ஒவ்வொரு இடத்து நட்டு போல்ட்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பெயர் எழுதுங்கள். தரையில் ஒட்டியிருக்கும் தார் ஷீட்டுக்கு ஹீட் கன்னும் பட்டி பிளேடும் வேண்டும், பொறுமை அதைவிட அதிகமாக வேண்டும். ஒரு உள்ளங்கை அளவு சூடாக்கி, சுரண்டி, அடுத்த உள்ளங்கைக்கு நகர வேண்டும். எனக்கு இதில் முழுதாக இரண்டு நாள் போனது. ஷீட்டுக்கு அடியில்தான் உண்மையான துரு ஒளிந்திருக்கும் என்பதால் எடை குறையாவிட்டாலும் இதைச் செய்தே ஆக வேண்டும். துருப்பிடித்த தகட்டின் மேல் பட்டி பூசாமல் அந்த இடத்தை அறுத்தெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள்.

கூண்டு

பணத்தில் பெரிய பங்கு இங்கே போக வேண்டும். இதில் மிச்சம் பிடிக்கவே கூடாது.

மோட்டார் பந்தயங்களின் உலகக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதிகள் சொல்வது தெளிவானது. குளிர்முறையில் இழுத்த சீம்லெஸ் (வெல்டிங் கோடு இல்லாத) கார்பன் ஸ்டீல் பைப் வேண்டும். ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் பிரதான வளைவுக்கு 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனம், அல்லது 50க்கு 2. மற்ற குழாய்களுக்கு 38க்கு 2.5 அல்லது 40க்கு 2. தரையோடு சேரும் இடத்தில் குறைந்தது 3 மி.மீ. கனத்தில், 120 சதுர செ.மீ. பரப்பில் தகடு வைத்து, 8 மி.மீ. போல்ட் குறைந்தது மூன்று போட வேண்டும். கேட் செய்யும் கடைகளில் கிடைக்கும் இ.ஆர்.டபிள்யூ. பைப் நீளவாக்கில் வெல்டிங் செய்தது, விபத்தில் அந்தக் கோட்டில் பிளந்துவிடலாம். விலை மலிவு என்று யாராவது அதைக் காட்டினால் திரும்பி வந்துவிடுங்கள். பைப் வாங்கும்போது அதன் தரத்துக்கு ஆலை தரும் மில் சர்ட்டிஃபிகேட் கேளுங்கள்.

வளைப்பதும் குளிர்நிலையில்தான். மணல் நிரப்பி நெருப்பில் காட்டி வளைப்பது நம் பட்டறைகளில் பழக்கம், கூண்டுக்கு அது ஆகாது. வளைவின் ஆரம் பைப் விட்டத்தைப் போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும், 45 மி.மீ. பைப்புக்கு 135. வளைத்த இடத்தில் குழாய் சப்பையாகியிருக்கிறதா என்று வெர்னியர் வைத்துப் பாருங்கள். குறுகிய விட்டம் அகன்ற விட்டத்தில் பத்தில் ஒன்பது பங்குக்குக் கீழே போனால் அந்தக் குழாய் கழிவு. ஒரு பைப் இன்னொன்றின் மேல் உட்காரும் வாயை இடைவெளி தெரியாமல் வளைவாக அரத்தால் ராவ வேண்டும். வெல்டிங் சுற்றளவு முழுதும் ஓட வேண்டும். கூரைக்கும் குழாய்க்கும் நடுவே டார்ச் போகவில்லை என்று அந்த மேல் பக்கத்தை விட்டுவிடும் வெல்டர்கள் இருக்கிறார்கள். சின்னக் கண்ணாடி ஒன்றை நுழைத்துப் பாருங்கள்.

புதுச்சேரியின் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளில் தொழிற்சாலைகளுக்கு பிரஷர் பைப் வேலை செய்து கைதேர்ந்த ஆர்கான் வெல்டர்கள் இருக்கிறார்கள். கார் கூண்டு செய்து பழக்கமில்லை என்பார்கள். பரவாயில்லை. பந்தயக் கார் கட்டிய அனுபவமுள்ள ஒருவரிடமிருந்து வரைபடம் வாங்கி, இவர்கள் கையில் கொடுங்கள். வெல்டிங் தொடங்குவதற்கு முன், ஹெல்மெட் போட்டுப் பந்தய சீட்டில் உட்கார்ந்து, தலையைச் சுற்றி நான்கு பக்கமும் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பெல்ட், சீட், சுவிட்ச்

சீட்டையும் பெல்ட்டையும் பழையதாக வாங்காதீர்கள். இவற்றுக்குக் காலாவதித் தேதி உண்டு, லேபிளிலேயே இருக்கும். சீட்டுக்குக் குறைந்தது நான்கு இடத்தில் 8 மி.மீ. போல்ட். தோள் பெல்ட் தோளிலிருந்து பின்னோக்கிக் கிட்டத்தட்டப் படுக்கையாகப் போக வேண்டும். நேராகத் தரைக்கு இறங்கினால் மோதும்போது முதுகெலும்பை நசுக்கும். இடுப்புப் பெல்ட் இடுப்பெலும்பின் மேல், வயிற்றின் மேல் வேண்டாம்.

பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் உள்ளே உட்கார்ந்தபடியும் வெளியே நின்றபடியும் எட்ட வேண்டும். வெளியே நீல முக்கோணத்துக்குள் சிவப்பு மின்னல் படம் ஒட்டுங்கள். எஞ்சின் ஓடும்போது அந்தச் சுவிட்சைத் திருப்பிப் பாருங்கள். ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் கரண்டில் எஞ்சின் தொடர்ந்து ஓடினால் வயரிங் தப்பு. இந்தத் தவற்றைப் புதியவர்களின் காரில் அடிக்கடி பார்க்கிறேன்.

பிரேக்

ஓட்டுநரோடு சேர்த்து 950 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 140 கிலோமீட்டர் வேகத்தில் வந்து திருப்பத்துக்கு முன் 70க்கு இறங்கும்போது பிரேக்கில் சேரும் வெப்பம், நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் ஒன்றே முக்கால் லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். ஒரே ஒரு மிதியில் அவ்வளவு. அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் பல முறை.

என் முதல் காரில் இதைக் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். புது டிஸ்க், புது பேட், எல்லாம் போட்டிருந்தேன். பிரேக் ஆயிலை மாற்றிவிட்டோம் என்று வேலை செய்த பட்டறையில் சொன்னார்கள், பில்லிலும் இருந்தது. ஆறாவது சுற்றில், நேர்ப்பாதை முடியும் இடத்தில் பெடலை மிதித்தேன். கால் தரை வரை போனது. பஞ்சை மிதித்தது போல. கியரைக் குறைத்து, மணலுக்குள் இறங்கி, காரும் நானும் முழுசாக நின்றோம். ஷெட்டுக்கு வந்து, சக்கரத்தில் பிரேக் ஆயிலை வெளியே விடும் நிப்பிளைத் திறந்தால் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் வழிந்தது. மேலே டப்பாவில் மட்டும் புதிது ஊற்றியிருக்கிறார்கள். அன்றிலிருந்து பிரேக் வேலையை நான் யாரிடமும் கொடுப்பதில்லை.

காரணம் எளிமையானது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிவிட்டால் அந்தக் குறைந்தபட்ச அளவே 155ஆக இறங்குகிறது. கொதித்தால் குழாயில் ஆவி, ஆவியை அழுத்தினால் அது சுருங்கும், பெடல் தரையைத் தொடும். கடற்கரைக் காற்றில் எவ்வளவு ஈரம் என்று சொல்லவே வேண்டாம், உப்பு ஜாடியைப் பார்த்தாலே தெரியும். அதனால் ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன், அன்று சீல் உடைத்த டப்பாவிலிருந்து, தூரத்துச் சக்கரத்தில் தொடங்கி நான்கு நிப்பிளிலும் தெளிவான ஆயில் வரும்வரை மாற்றுங்கள். மிச்சத்தை அடுத்த முறைக்கு வைக்காதீர்கள். பழைய ரப்பர் ஹோஸ், காலிப்பர் சீல், வீல் சிலிண்டர் எல்லாம் புதிது. பேட் பந்தயத்துக்கானது.

சக்கரக் கோணம்

புஷ், பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட், ஹப் பேரிங், எஞ்சின் மவுண்டிங் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு இங்கே வாருங்கள். ஆடுகிற காரில் கோணம் வைத்துப் பயனில்லை.

அலைன்மெண்ட் கடைக்குப் போனால் கம்பெனி அளவைத்தான் வைப்பார்கள். கொத்தனார் சாமானும் தூண்டில் நரம்பும் இருந்தால் ஷெட்டிலேயே நாமே பார்க்கலாம். முதலில் ட்யூப் லெவலில் தண்ணீர் நிரப்பி நான்கு சக்கரமும் நிற்கும் இடம் ஒரே மட்டமா என்று பாருங்கள். தாழ்ந்த இடத்துக்குப் பழைய டைல்ஸ் துண்டு வையுங்கள். ஓட்டுபவர் எடைக்குச் சீட்டில் மணல் மூட்டை.

சாய்வுக்குத் தூக்குக் குண்டு. ஃபெண்டரிலிருந்து அதைச் சக்கரத்தின் வெளிமுகத்துக்கு எதிரே தொங்கவிடுங்கள். ஆட்டம் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக் காத்திருங்கள். ரிம்மின் மேல் விளிம்புக்கும் நூலுக்கும் உள்ள தூரம், கீழ் விளிம்புக்கும் நூலுக்கும் உள்ள தூரம், இரண்டையும் ஸ்டீல் ஸ்கேலில் எடுங்கள். அளந்த இரு புள்ளிகளுக்கும் இடையே 330 மி.மீ. இருந்து, மேல்பக்கம் பதினொன்றரை மி.மீ. உள்ளே சாய்ந்திருந்தால் அது 2 டிகிரி. முன்சக்கரத்துக்கு நான் 2 முதல் 3 டிகிரிக்குள் தொடங்குகிறேன். திருப்பத்தில் கார் வெளிப்பக்கம் சாயும்போது வெளிப்பக்கச் சக்கரம் நிமிர்ந்து டயரின் முழு அகலமும் தரையில் படிய வேண்டும் என்பதுதான் கணக்கு.

முன்பின் கோணத்துக்கு, அதாவது சக்கரம் நேராகப் பார்க்கிறதா, உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிறதா என்பதற்கு, நரம்பு. வீராம்பட்டினத்தில் மீன் பிடிக்கும் நண்பர் ஒருவர் கொடுத்த நைலான் நரம்பைத்தான் இன்னும் வைத்திருக்கிறேன். சாதா நூல் தொய்யும், இது தொய்யாது. காரின் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்து, அச்சின் நடு உயரத்தில் இழுத்துக் கட்டி, இரண்டு நரம்புக்கும் இடையே முன்னாலும் பின்னாலும் ஒரே அகலம் வருமாறு வையுங்கள். அப்புறம் ஒவ்வொரு ரிம்முக்கும் முன் விளிம்பிலும் பின் விளிம்பிலும் அளவு. 1 மி.மீ. வித்தியாசம் ஏறக்குறைய 0.17 டிகிரி. முன்சக்கரங்கள் ஒரு பொட்டு வெளிப்பக்கம் பார்த்தால் கார் திருப்பத்துக்குள் சுறுசுறுப்பாக நுழையும். ஒவ்வொரு அளவுக்கும் பிறகு காரை முன்னும் பின்னும் உருட்டி சஸ்பென்ஷனைப் படியவிட்டு மறுபடி அளங்கள். முதல் முறை அரை நாள் ஆகும். பிறகு ஒரு மணி நேரம்.

எடைக்கு: கடலூர் - பண்ருட்டி சாலையில் கரும்பு லாரிகளுக்கான எடை மேடைகள் இருக்கின்றன. கேரியரிலிருந்து இறக்கி, முன்சக்கரம் மட்டும் மேடையில் நிற்கத் தள்ளி ஒரு சீட்டு, பின்சக்கரத்துக்கு ஒரு சீட்டு. துல்லியம் கிலோ கணக்கில் இருக்காது. ஆனாலும் முன்பக்கம் எவ்வளவு கனம் என்பது தெரியும். எஸ்டீம் போன்ற முன்சக்கர இழுவைக் காரில் பேட்டரி, தீயணைப்பான் போன்றவற்றை விதி விட்டால் பின்னால் கொண்டுபோங்கள்.

எஞ்சின்

டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், எல்லா ஹோஸ், தெர்மோஸ்டாட், ப்ளக், ஃபில்டர் புதிது. இன்ஜெக்டர் சுத்தம். ரேடியேட்டரைக் கழற்றித் திறந்து கழுவச் சொல்லுங்கள். பல வருடம் போர் தண்ணீர் ஊற்றிய கார்களில் உள்ளே சுண்ணாம்பு கெட்டிப்பட்டிருக்கும். எஞ்சினுக்குச் செய்ய வேண்டிய ஒரே பந்தய வேலை, அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில்தான். நீண்ட திருப்பத்தில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுத்தால் பேரிங் போய்விடும். விதி அனுமதித்தால் சம்ப்புக்குள் தடுப்புத் தகடு வைத்து வெல்டிங் செய்யுங்கள். ஆயில் பிரஷருக்கும் தண்ணீர் சூட்டுக்கும் முள் மீட்டர் வையுங்கள். கம்பெனி எச்சரிக்கை விளக்கு எரியும்போது காலம் கடந்திருக்கும்.

முதல் டிராக் நாள்

இருங்காட்டுக்கோட்டைக்குத் திண்டிவனம், செங்கல்பட்டு, சிங்கப்பெருமாள் கோவில், ஒரகடம் வழியாக ஏறக்குறைய 150 கிலோமீட்டர். முந்தின நாள் எல்லா போல்ட்டையும், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் முடுக்கி, போல்ட் தலையிலிருந்து உடல் வரை மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை கார் உள்ளே வரும்போதும் கோடு உடைந்திருக்கிறதா என்று பார்த்தாலே தளர்ந்தது எது என்று தெரியும்.

பந்தயத்துக்கு முன்னால் பயிற்சி நாளுக்குப் போங்கள். மூன்று சுற்று மெதுவாக, உள்ளே வந்து பார்வை. ஐந்து சுற்று, மறுபடி பார்வை. டயர் காற்றைச் சூடாக இருக்கும்போதே அளந்து எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. சூடான பிரேக்கோடு உள்ளே வந்து ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், டிரம் கோணும். கட்டை வையுங்கள். அந்த வெயிலில் காருக்குள் அடுப்புதான், ஓட்டுபவர் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே தண்ணீரோ மோரோ குடிக்க வேண்டும்.

ஊர் திரும்பியதும் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு, பெயிண்ட் உரிந்த இடங்களில் உடனே ப்ரைமர் அடியுங்கள். நம் காற்றில் ஒரு வாரம் விட்டாலும் பழுப்பு வந்துவிடும். சூடாக இருக்கும்போதே ஆயிலை இறக்கி, பழைய ஃபில்டரை அறுத்து, மடிப்புக்குள் இரும்புத் துகள் மினுங்குகிறதா என்று பாருங்கள். புது ஆயில் ஊற்றி, எஞ்சினைச் சூடாக்கி, கம்ப்ரஷனை மறுபடி எடுங்கள். கார் வாங்கிய அன்று நோட்டில் எழுதிய நான்கு எண்களுக்குப் பக்கத்தில் இந்த நான்கையும் தேதியோடு எழுதி வையுங்கள்.